அம்மாவின் நடையில் வளர்ந்த ஸ்டூடியோ

எங்கள் ஸ்டூடியோ வளர்ந்த கதையைப் பேப்பர்காரர்கள் எழுதிவிட்டார்கள். யூடியூப்காரர்கள் மைக்கை நீட்டிப் பேட்டி எடுத்துவிட்டார்கள். எல்லாரும் உரக்கடை மாடியில்தான் ஆரம்பிக்கிறார்கள். 'கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை மாடியில் பழைய கம்ப்யூட்டர்களோடு தொடங்கிய முன்னோடி அனிமேஷன் நிறுவனம்' என்று எழுதினால் படிக்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும் போல. கீழே பூச்சிமருந்து டப்பா ஒன்று உடைந்தால் மேலே எங்களுக்கு ரெண்டு நாள் கண் எரியும் என்பது எழுதுகிறவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதையும் அழகாகத்தான் எழுதுவான்.

ஸ்டூடியோ அந்த மாடியில் வளரவில்லை. என் அம்மாவின் காலில் வளர்ந்தது. இதை இதுவரைக்கும் யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. வந்தாலும் இந்த விஷயத்தில் எழுதமாட்டேன்.

நான் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் ஏறினால் எங்கள் ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிறோம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். சேலத்தில் அனிமேஷன் படித்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் கார்ட்டூன் பூனைக்கு வால் வரைந்துகொண்டிருந்தேன். வால் மட்டும்தான். பூனையை வேறு யாரோ வரைந்தார்கள். ஊரடங்கு வந்தபோது கம்பெனி மூடிக்கொண்டது. பூனை, வால் எல்லாம் போச்சு.

கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தவரை எனக்குத் தெரியும். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஊரடங்கில் கல்யாணம் இல்லை, அவருடைய கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன. அவருக்கு ஒரு கூட்டாளி, ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவர். அரசியல் கூட்டமும் இல்லாததால் அவரும் சும்மா இருந்தார். மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்தோம். முன்னோடி என்றெல்லாம் யாரும் நினைக்கவில்லை. வேலை இல்லை, அவ்வளவுதான்.

முதலில் வந்ததெல்லாம் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ்கள். வாட்ஸப்பில் அனுப்புகிற மாதிரி வீடியோ. பெண்ணின் முகத்தை வெட்டி ஒரு தேவதை உடம்பில் ஒட்டிப் பறக்கவிட வேண்டும். தாய்மாமன் யானைமேல் வர வேண்டும். ஒரு தாய்மாமன் மாடி ஏறி வந்து சண்டை போட்டார்.

"இன்னாப்பா, ஆன எம்மாம் பெருசா கீது, நான் எலுமிச்சங்கா மாரி உக்காந்துகினு கீறேன்?"

"ஆன பெருசாத்தாங்க இருக்கும்," என்றார் ஃப்ளெக்ஸ்காரர்.

"அத கம்மி பண்ணு. என்னிய ஜாஸ்தி பண்ணு."

யானையை ஆட்டுக்குட்டி அளவுக்குக் குறைத்துக் கொடுத்தோம். மனிதர் திருப்தியாகப் போனார். அப்புறம் போர்வெல் கம்பெனி விளம்பரம், கம்பி விளம்பரம், அப்படியே குழந்தைப் பாட்டு வீடியோக்களுக்குத் துண்டு வேலைகள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் ஒருமுறை கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நான் வரைந்து வைத்திருந்த அத்தனையும் போய்விட்டது. அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு முறை வைத்தோம். யார் எதை வரைந்தாலும் ஒரு பொது ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டுவிட வேண்டும். அதிலிருப்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை. ஒருவர் வரைந்த மரத்தை இன்னொருவர் உட்கார்ந்து வரையக் கூடாது, எடுத்து நட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் வேகமாக வேலை முடித்ததற்குக் காரணம் இதுதான். ஃப்ளெக்ஸ்காரர் வரைந்த ஒரே தென்னை மரம் கடற்கரையில் நின்றது, காட்டில் நின்றது, ஒரு வீடியோவில் இமயமலையிலும் நின்றது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஹார்டு டிஸ்க்குக்குப் பொதுப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தோம்.

வெளிவேலை இல்லாத நேரத்தில் நான் எனக்காக ஒரு படம் ஆரம்பித்தேன். சின்னப் படம். டோலிப் படம்.

எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. உடம்பு முடியாமல் போனால் போர்வையில் மூங்கிலைச் செருகி, அதில் ஆளைப் படுக்கவைத்து, முன்னால் ரெண்டு பேர் பின்னால் ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அதைத்தான் டோலி என்கிறோம். நான் சேலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா சாமைக் கட்டோடு பாதையில் சறுக்கி விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்தது. டோலியில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மழை. முன்னால் போனவர் ஓடைக்கிட்டே வழுக்கினார், அம்மா கல்மேல் விழுந்தாள். திரும்பத் தூக்கினார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது எலும்பு நகர்ந்துவிட்டிருந்தது. அப்புறம் சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. அந்தக் கால் குட்டையாகிவிட்டது. "தெனம் நடக்கணும்மா. நடக்காம உட்டீங்கன்னா கால் மடங்கிப் போயி எழுந்துக்கவே முடியாது," என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா தினமும் நடந்தாள். காட்டுக்கு, ஓடைக்கு, ரேஷன் கடைக்கு.

ரோடு இருந்தால் அந்தக் கால் நேராக இருந்திருக்கும். இதைத்தான் படமாக எடுக்க நினைத்தேன். மனு கொடுத்துக் கொடுத்துப் பார்த்தவர்கள்தான் எங்கள் ஊரில் எல்லாரும். படமாகக் காட்டினால் எவனாவது பார்ப்பான் என்று நினைத்தேன்.

அம்மாவின் நடையைப் போனில் வீடியோ எடுக்க ஊருக்குப் போனேன்.

"நான் இன்னா பண்ணணும்?"

"நடக்கணும்மா."

"அதான் தெனம் நடக்கிறனே. அத எதுக்கு எடுக்கிற?"

ரோடு விஷயம் என்று சொன்னேன். உள்ளே போனவள் ரோஸ் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுச் சித்தி வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"இன்னாக்கா, சினிமாவுக்குப் போறியா? ஈரோயினியா?"

"ஆமாண்டி. நீ வந்து பின்னாடி ஆடு."

"எனுக்கு இன்னா குடுப்ப?"

"ரோடு வரும்டி. ரோட்ட ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்."

சாமை காயவைக்கிற பாறைமேல் அம்மா நடந்தாள். நான் குனிந்து எடுத்தேன். "நல்லா நொண்டணுமா, சுமாரா நொண்டணுமா?" என்று கேட்டாள்.

"எப்பவும் போல நடம்மா."

"இல்ல பாப்பா. நல்லா தெரியிற மாரி எடு. தெரிஞ்சாத்தான் போடுவானுங்க."

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பல தடவை நடந்தாள். அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். என் நடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், படத்தில் வரும், ஆபீசருங்க பார்ப்பாங்க, ரோடு வரும் என்று.

அனிமேஷனில் நடை என்பது ரெண்டு அடிதான். வலது கால் ஒன்று, இடது கால் ஒன்று. அந்த ரெண்டு அடியைச் சரியாக வரைந்துவிட்டால் கம்ப்யூட்டர் அதையே திரும்பத் திரும்பப் போட்டு ஆயுசுக்கும் நடக்கவைக்கும். அந்த ரெண்டு அடியை வரைய எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. அம்மா இடது காலை ஊன்றுவதற்கு முன்னால் இடது உள்ளங்கை தொடையில் வந்து அழுத்தும். உடம்பு அந்தப் பக்கம் இறங்கும். இறங்கி எழும்போது தலை மட்டும் ஒரு வெட்டு வெட்டி நிமிரும். யாராவது எதிரே வருகிறார்களா என்று பார்ப்பது போல இருக்கும். அந்தத் தலை வெட்டுதான் வரவேயில்லை. அழித்து அழித்து வரைந்தேன். வந்த நாளில் ஃப்ளெக்ஸ்காரர் டீ கிளாஸோடு என் பின்னால் வந்து நின்றார். டீ ஆறிப்போகிற வரைக்கும் நின்றார்.

"இன்னாம்மா இது," என்றார். "பாக்கவே எனுக்குத் தொட வலிக்குது."

முறைப்படி ஒரு பிரதியைப் பொதுப்பெட்டியில் போட்டேன்.

அறுப்புக்காக நான் ஊருக்குப் போயிருந்த சமயம் சென்னையிலிருந்து ஒரு குழந்தைப் பாட்டுக் கம்பெனி அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறது. சூனியக்காரக் கிழவி ஒருத்தி வேண்டும், குழந்தைகளைத் துரத்த வேண்டும், பயமாகவும் இருக்க வேண்டும் சிரிப்பாகவும் இருக்க வேண்டும், நாளைக்கே மாதிரி அனுப்பு என்று. ஃப்ளெக்ஸ்காரர் கொக்கி மூக்கு வைத்து ஒரு கிழவி போட்டார். நடைக்கு அண்ணன் பொதுப்பெட்டியைத் திறந்தார். அதில் இருந்தது. எடுத்துக் கிழவிக்கு மாட்டினார். அதை அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் எங்கள் முறை.

நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது மாடியில் ஜாங்கிரி.

"தங்கச்சி, ஆர்டரு கெடச்சிடுச்சி! மாசா மாசம் வேல! வந்து பாரு!"

பார்த்தேன். பச்சை மூஞ்சிக் கிழவி, கையில் துடைப்பம். தொடையில் கை வைத்தது, இறங்கியது, தலையை வெட்டி நிமிர்ந்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சென்னைக்காரன் ஒரு சத்தம் சேர்த்திருந்தான். ஸ்பிரிங் சத்தம். டொய்ங். டொய்ங். டொய்ங்.

"அண்ணா, இது எங்கம்மா."

"ஐய, இது கெழவி. உங்கம்மாவுக்கு மூக்கு இப்பிடியா இருக்குது?"

"நட எங்கம்மாது."

"நட இன்னா தங்கச்சி, உலகத்துல எல்லாரும்தான் நடக்கிறாங்க. ஒரு பாட்டு. அதோட முடிஞ்சிடும். உடு."

ஃப்ளெக்ஸ்காரர் ஜாங்கிரியைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு பாட்டோடு முடியவில்லை. கிழவி ஓடினாள். தெலுங்கில் ஓடினாள், இந்தியில் ஓடினாள், பேர் தெரியாத பாஷையிலெல்லாம் ஓடினாள். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிற தாய்மார்கள் எல்லாரும் கிழவியைப் போட்டுவிட்டுத்தான் ஊட்டினார்கள். கிழவி கிரிக்கெட் ஆடினாள், பொங்கல் வைத்தாள், நிலாவுக்குப் போனாள். எங்கே போனாலும் அந்த நடையில்தான் போனாள். நிலாவில் எடை ரொம்பக் குறைவு, அங்கேயும் நொண்டினாள்.

எங்களுக்கு மாடி போதவில்லை. பக்கத்து மாடியையும் எடுத்தோம். ஏசி போட்டோம். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து பெண்கள் வந்தார்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக இருந்தவர்கள். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களுக்கு முதல் பாடமே கிழவியின் நடைதான். அதைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டால்தான் அடுத்த வேலை. காலையில் நான் மாடி ஏறினால் எல்லாத் திரையிலும் என் அம்மா நொண்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு விழாவில் அண்ணனுக்குச் சால்வையும் ஷீல்டும் கொடுத்தார்கள். மாவட்டத்துக்கே வழிகாட்டி என்றார் மேடையில் இருந்த அதிகாரி. தன் பேத்திக்குக் கிழவி என்றால் உயிர் என்று சொல்லிவிட்டு, மேடையிலேயே தொடையில் கை வைத்து ஒரு அடி நடந்து காட்டினார். கூட்டம் கைதட்டியது. என் டோலிப் படம் பொதுப்பெட்டியில் கிடந்தது. பார்க்க வேண்டிய ஆபீசர் பார்த்துவிட்டார், வேறு படத்தில்.

அதற்கு அப்புறம் நான் ஊருக்குப் போனபோது அம்மா வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தாள். பகல் நேரம். அம்மா பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குடத்தைக் காட்டி, "ஓடைக்குப் போயி ரெண்டு கொடம் கொண்டாந்துடு பாப்பா," என்றாள். சித்திதான் என்னை ஓடைக்கிட்டே நிறுத்திச் சொன்னாள்.

"ஒங்கம்மா வெளியவே வர்ரதில்லடி. பசங்க பின்னாடியே வர்ரானுங்க. அது கால வச்சா டொய்ங்குங்கிறானுங்க. எடுத்தா வச்சா டொய்ங்கு. ரேசன் கடையில லைனுல நிக்குது, மொத்த லைனும் சிரிக்குது. ஒரு நாளு வீட்டுக்குத் திரும்பி ஓடறப்ப உழுந்துடுச்சி. அன்னிக்கு உள்ள போனதுதான்."

எங்கள் ஊருக்கு ரோடு வரவில்லை, செல்போன் டவர் வந்துவிட்டது. கிழவி டவர் வழியாக ஏறி வந்துவிட்டாள். மூஞ்சியை வைத்து ஒருத்தரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அம்மாதான் ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாளே, என் நடை படத்தில் வரும் என்று. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வந்தது.

அந்தப் பிள்ளைகளை அடிக்கப் போனேன். அடித்தால் மட்டும் என்ன ஆகும்? அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் செய்கிறார்கள். ஊரில் இருக்கிற குழந்தைகள் அத்தனை பேரும் கேட்கிற சத்தம் அது.

குடத்தை இறக்கினேன். அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி கொஞ்சம் மடங்கியே இருந்தது, முழுசாக நீளவில்லை.

"நீ பாத்தியாம்மா?"

"காட்னானுங்க. பாத்தேன்." கொஞ்சநேரம் காலைத் தடவினாள். "நல்லாத்தான் வரஞ்சிருக்கிற. தலய ஆட்டுறது மொதக்கொண்டு வரஞ்சிருக்கிற. நான் அப்பிடி ஆட்டுவன்னு எனுக்கே தெரியாது."

"நான் அதுக்கு வரையலம்மா."

"தெரியும்டி." அப்புறம் கேட்டாள், "ரோடு எங்க?"

மலையை விட்டுக் கீழே வந்து அண்ணனிடம் சண்டை போட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"கெழவிய நிறுத்துன்னு சொல்ற. நிறுத்தலாம். அந்த ரிஷிவந்தியம் பொண்ணுங்கள கூப்ட்டு நீயே சொல்லு, திருப்பூருக்குப் போங்கம்மான்னு. சொல்லு. நான் ஜன்னலண்ட நின்னுக்கிறேன்."

"நிறுத்த வேணாம். நடய மாத்து. வேற நட நான் போட்டுக் குடுக்கிறேன்."

"அவன் ஒத்துக்குவானா?"

"சொல்லாத. மாத்தி அனுப்பு."

அனுப்பினோம். நல்ல நடைதான். கிழவி கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள், எனக்குத் தெரிந்தவரை அப்படி நடக்கிறவர்கள் யாரும் இல்லை. மறுநாள் சென்னைக்காரன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு என்னைப் பேசச் சொன்னார் அண்ணன்.

"மேடம், கிழவிக்கு என்ன ஆச்சு? கால் சரியாயிடுச்சா?" சிரித்தான். "பசங்க ஏமாந்துடுவாங்க மேடம். பொம்மை வேற விடப் போறோம், சாவி குடுத்தா அதே மாதிரி நொண்டும். பழைய நடையையே போட்டு அனுப்பிடுங்க."

அது ஒருத்தருடைய நடை என்று சொன்னேன். யாருடைய நடை என்றும் சொன்னேன். அவன் உடனே குரலை இறக்கி ரொம்ப மரியாதையாகப் பேசினான். "அப்படியா மேடம்? ரொம்ப டச்சிங்கா இருக்கு. ஒரு பேட்டி குடுங்களேன், அம்மாவையும் வச்சு. நல்லா போகும்."

போனை நான் வைத்தேன். வைத்தேன் என்றால் மேஜைமேல் அடித்து வைத்தேன். பழைய நடை திரும்பப் போனது. நான் போடவில்லை. போட ஆளுக்கா பஞ்சம், நாங்கள்தான் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்திருந்தோமே.

காலை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சொல்லி அம்மாவை இறக்கிக்கொண்டு வந்தேன். வெள்ளிமலை வரைக்கும் விடிவதற்குள்ளேயே வந்துவிட வேண்டும் என்றாள். பசங்க எழுவதற்குள். டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, நடப்பதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். இப்படியே உட்கார்ந்திருந்தால் இந்த வருஷமே கால் மடங்கிவிடும், அதற்கப்புறம் ஆபரேஷன் செய்தாலும் சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்து அம்மா சொன்னாள், "ஒங்க ஆபீச காட்டு."

"வேணாம்மா. படி ஜாஸ்தி."

"மலயில இல்லாத படியா?"

உரக்கடைப் படி செங்குத்து. கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினாள். நான் பின்னால் வந்தேன். கதவைத் தள்ளினேன். உள்ளே எல்லாரும் காதில் ஹெட்போனோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவிலிருந்து அண்ணன் மேஜைக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு அடி தூரம். அம்மா நடக்க ஆரம்பித்தாள். தொடையில் கை, உடம்பு இறங்கியது, தலை வெட்டி நிமிர்ந்தது.

முதலில் ஒருத்தன் பார்த்தான், ஹெட்போனைக் கழற்றினான். அடுத்தவன் கழற்றினான். கையை மவுஸ்மேல் வைத்தபடி எல்லாரும் பார்த்தார்கள். தினமும் வரைகிறவர்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் சேர்ந்த ஒரு ரிஷிவந்தியம் பொண்ணு மட்டும், பழகின ஆளைத் தெருவில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்து, "ஐ, சார்! நம்ம கெழவி!" என்று கத்திவிட்டது.

கத்தின பிறகுதான் அதற்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

அம்மா நின்றாள். "நீ ஏம்மா அழுவுற? நீயா என்னிய வரஞ்ச?"

"எல்லாரும்தாம்மா வரைவோம்."

"எல்லாருமா?" அம்மா ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் அவள். ஒன்றில் குடை பிடித்துக்கொண்டு, ஒன்றில் ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு. அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டார். ஃப்ளெக்ஸ்காரர் வெளியே போய்விட்டார்.

"வாங்கம்மா. உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா?"

அம்மா உட்கார்ந்தாள். "வேணாந் தம்பி. ரோடு எப்ப வரும்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "வந்துடுங்கம்மா," என்றார்.

"ரோடுக்குன்னு சொல்லித்தான் நான் நடந்து காட்னேன். ரோடு இல்லன்னா பரவால்ல. என் நடய குடுத்துடு. நான் எடுத்துக்கினு போறேன்."

அண்ணன் கம்ப்யூட்டரைத் திருப்பி அம்மாவுக்குக் காட்டினார். பொதுப்பெட்டியைத் திறந்தார். நடை இருந்த ஃபைலை எடுத்துத் திரையிலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். அதையும் காலி செய்தார். கசக்கின காகிதச் சத்தம் வந்தது. "போச்சுங்கம்மா. பாருங்க. இல்ல."

அம்மா திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "போயிடுச்சா பாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார், சொல்லிவிடு என்று. சொன்னால் என்ன ஆகும்? நம்பிக்கொண்டு ஊருக்குப் போவாள், சந்தோஷமாக வெளியே வருவாள், முதல் அடியிலேயே டொய்ங் என்பான் ஒருத்தன்.

"இல்லம்மா. சென்னைக்காரன்கிட்ட இருக்குது. இனிமே போவாது."

"ஏன் தங்கச்சி, அம்மா நிம்மதியா போவட்டுமேன்னு பாத்தா..." என்றார் அண்ணன்.

"அவ சொல்றதுதான் சரி தம்பி," என்றாள் அம்மா. எழுந்தாள். கதவு வரைக்கும் திரும்ப நடக்க வேண்டியிருந்தது. அத்தனை பிள்ளைகளும் மேஜையில் குனிந்துகொண்டார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லாருக்கும் தெரியும், இப்போது கை, இப்போது தலை என்று.

அண்ணன் கெட்டவர் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். கெட்டவர் இல்லைதான். அந்தப் பெண்கள் திருப்பூருக்குப் போகவில்லை என்பதும் நிஜம். நானும் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன், மலையில் எனக்கு வேறு வேலை இல்லை. கிழவியை மட்டும் தொடுவதில்லை. இப்போது இதை எழுதுகிறபோது பக்கத்து மேஜையில் யாரோ தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் அம்மாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு கள்ளக்குறிச்சியிலேயே இரு என்று சொல்லிப் பார்த்தேன். "இங்க பசங்க இல்லியா?" என்று கேட்டாள். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. முன்சீட்டில் ஒரு அம்மா குழந்தைக்குப் போன் காட்டிக்கொண்டு வந்தாள். என்ன பாட்டு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

வெள்ளிமலையில் பஸ் நின்றது. எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எல்லாரும் எறங்கட்டும்."

மூட்டை, கோழி, புல்லுக்கட்டு எல்லாம் இறங்கி முடிந்தது. "இன்னாம்மா, எறங்கலியா? ஷெட்டுக்கு வர்ரீங்களா?" என்றார் கண்டக்டர். அப்புறம்தான் அம்மா எழுந்தாள். கடைக்காரர்கள் பார்க்காத பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டினோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. மேலே ஊரில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

பாதை ஒருத்தர் போகிற அகலம்தான். அம்மா விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று நான் எப்போதும் பின்னால்தான் வருவேன். அன்றைக்கு அம்மா ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"நீ முன்னால போ."

"நீ சறுக்கினா?"

"சறுக்கினா சறுக்குறேன். பின்னால யாரும் வர வேணாம்."

முன்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கை தொடையில் படுகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. அடுத்து உடம்பு இறங்கும், அடுத்து தலை. பார்க்காமலே எனக்கும் தெரியும். பிள்ளைகளின் சத்தம் பக்கத்தில் வர வர, உள்ளங்கைச் சத்தம் மெதுவாகியது. வேலி வருவதற்கு முன்னால் நின்றுவிட்டது.